கடலுக்கும் ஒரு ஃபைல் வேண்டும்



2019 ஆகஸ்ட் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தது நினைவிருக்கிறதா? திருவான்மியூர்ப் பக்கம் இருந்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினார்கள். போக முடியாதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ வந்து குவிந்தது. 2023 அக்டோபரிலும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் அதே காட்சி.

அந்த 2019-லேயே, அடுத்த மாதம், மன்னார் வளைகுடாவில் மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாக மாறியது. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. அந்தச் செய்தி நம் காதில் எவ்வளவு விழுந்தது?

இரண்டு இடத்திலும் பேசப்பட்டது ஒரே உயிர்தான். நாக்டிலூகா என்று பெயர். ஒரே ஒரு செல். ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. தண்ணீர் அசைந்தால் ஒளிரும். அளவாக இருக்கிறவரை வேடிக்கை. கட்டுக்கடங்காமல் பெருகி, பிறகு கூட்டமாகச் செத்து அழுகத் தொடங்கினால் தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜன் தீர்ந்துபோகும், மீனுக்கு மூச்சு முட்டும். 2008 அக்டோபரிலும் இதே வளைகுடாவில் இப்படி நடந்து, மீன்களோடு பவளப்பாறைகளும் பாதிக்கப்பட்டன.

கரையில் நின்று பார்த்தால் கடலின் நிறம் தெரியும். அதற்குள் என்ன நடக்கிறது என்று யார் பார்த்துச் சொல்வது? அந்த வேலையைச் செய்கிறவர்களைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச நினைத்தேன்.

சென்னை பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. தாம்பரம், வேளச்சேரி போகிற வழியில் அந்தப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். சாகர் தாரா, சாகர் அன்வேஷிகா என்று அவர்களிடம் இரண்டு கடலோர ஆய்வுக் கப்பல்கள் உண்டு. முன்னது 2019-ல் வந்தது, பின்னது 2021 ஜனவரியில். அதற்கு முன்னால் சாகர் பூர்வி, சாகர் பஸ்சிமி என்ற இரண்டு கப்பல்கள் இருபது வருடங்களுக்கு மேல் நம் கரையோரம் உழைத்தன. ஆழ்கடலுக்குப் போகும் பெரிய கப்பல்கள் இல்லை இவை. கரைக்குப் பக்கத்திலேயே, நம் ஊர்களின் சாக்கடையும் ஆறும் ஆலைக் கழிவும் கலக்கிற தண்ணீரில், இடம் இடமாக நின்று நின்று போகிறவை.

நின்று என்ன செய்கிறார்கள்?

முதலில் கடலின் நிலையை அளக்கிறார்கள். வெப்பம், உப்பு, ஆழம் மூன்றையும் ஒரே நேரத்தில் பதிவு செய்கிற கருவியை வின்ச் வைத்து இறக்குகிறார்கள். கருவியைச் சுற்றிக் குழாய் மாதிரியான பாட்டில்கள். வேண்டிய ஆழத்தில் அவற்றின் வாய் மூடிக்கொள்ளும், அந்த ஆழத்துத் தண்ணீர் அப்படியே மேலே வரும்.

அந்தத் தண்ணீரில் முதல் வேலை ஆக்ஸிஜன் பார்ப்பது. தாமதித்தால் காற்றுப் பட்டுக் கணக்குக் கெட்டுவிடும். ரப்பர் குழாயைக் கண்ணாடி பாட்டிலின் அடிவரை விட்டு, ஒரு குமிழிகூட வராமல் நிரப்பி, இரண்டு ரசாயனங்களைச் சொட்டு விட்டு மூடிக் குலுக்குகிறார்கள். ஆக்ஸிஜன் இருந்தால் பழுப்பாகப் படிவு இறங்கும். வெள்ளையாகவே நின்றால் அந்த ஆழத்தில் ஆக்ஸிஜன் இல்லை என்று அர்த்தம். வின்க்லர் என்ற ஹங்கேரிக்காரர் 1888-ல் கண்டுபிடித்த முறை. எத்தனையோ எலக்ட்ரானிக் சென்சார் வந்த பிறகும், அவை சரியாகக் காட்டுகின்றனவா என்று சரிபார்க்க இன்றைக்கும் இந்தப் பாட்டிலைத்தான் நம்புகிறார்கள்.

அடுத்தது வலை. இது மீன் பிடிக்கிற வலை இல்லை. கூம்பாகத் தைத்த நைலான் துணி, கண்ணின் அகலம் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. வாயில் ஒரு வளையம், வாலில் ஒரு சின்ன வாளி. வளையத்தின் நடுவில் சிறு காற்றாடி போல ஒரு மீட்டர் சுழலும். எவ்வளவு தண்ணீர் வலைக்குள் போனது என்று அது சொல்லும். இழுத்து எடுத்ததும் வலையை வெளிப்பக்கமிருந்து ஹோஸ் பைப்பால் கழுவுகிறார்கள். ஒட்டிக்கொண்டிருக்கிற ஒவ்வொன்றும் வாளிக்குள் இறங்க வேண்டும். பிறகு ஜாடிக்கு மாற்றி ஃபார்மலின் ஊற்றி, தேதி, நேரம், இடம், ஆழம் எல்லாம் எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தை ஜாடிக்குள்ளேயே போடுகிறார்கள். பென்சிலால்தான் எழுதுவார்கள், பேனா மை கரைந்துவிடும். நாற்பது வருடம் கழித்து அந்த ஜாடியைத் திறக்கிறவருக்கும் எழுத்துத் தெரிய வேண்டும் இல்லையா?

இத்தனையும் ஆடுகிற டெக்கில். வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு வந்து அடுத்த பாட்டிலைப் பிடிக்கிற பெண்களும் பையன்களும் அங்கே வேலை செய்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு ஒரு இடம் வந்தால் இரண்டு மணிக்கு எழுந்தாக வேண்டும். இரவில் எடுப்பதற்கு வேறு காரணமும் உண்டு. இந்தச் சின்ன உயிர்களில் பல பகலில் ஆழத்தில் பதுங்கியிருந்து, இருட்டியதும் மேலே ஏறி வந்து மேயும். பகலில் மட்டும் வலை போட்டால் பாதிப் பேர் கணக்கில் வரமாட்டார்கள்.

வலையில் என்ன வருகிறது? பெரும்பாலும் கோபிபாட் என்கிற, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள இறால் இனத்துப் பூச்சிகள். கூடவே இறால் குஞ்சு, நண்டுக் குஞ்சு, ஜெல்லி மீன் குஞ்சு, அம்புப் புழு, மீன் முட்டை, அப்போதுதான் பொரிந்து வந்த மீன் குஞ்சு. நாளைக்கு நம் சந்தைக்கு வரப்போகிற மீன், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் அந்த வாளிக்குள் இருக்கிறது. அது தின்கிற சாப்பாடும் அதே வாளிக்குள் இருக்கிறது.

"சரி, இதற்கும் எங்கள் வீட்டு அடுப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

மத்தி மீனை எடுத்துக்கொள்ளுங்கள். சாளை என்று சொல்கிற ஊர்களும் உண்டு. வஞ்சிரம் வாங்க முடியாத வீட்டில் மீன் வாசனை வருவது இந்த மத்தியால்தான். எலும்புக்கு நல்லது, இதயத்துக்கு நல்லது என்று டாக்டர்களே சொல்கிற மீன். கேரளக் கரையில் 2012-ல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் கிடைத்தது. 2021-ல்? சுமார் 3,500 டன். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை! வலை பின்னுகிறவர், ஐஸ் உடைக்கிறவர், கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்கிற அம்மா எல்லோர் வீட்டிலும் அந்த வருடம் உலை எப்படிக் கொதித்திருக்கும்?

குஞ்சு மீனையும் விடாமல் வாரியது ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் அது மட்டும் இல்லை. மத்தி தின்பது, தண்ணீரோடு மிதந்து அலைகிற இந்தச் சின்ன உயிர்களை, அதாவது மிதவை உயிர்களை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது அடியில் இருக்கிற குளிர்ந்த, சத்துள்ள தண்ணீர் மேலே வந்தால்தான் அவை பெருகும். அந்தத் தண்ணீர் எப்போது மேலே வந்தது, எவ்வளவு வந்தது, வந்த வருடத்தில் கோபிபாட் எத்தனை, வராத வருடத்தில் எத்தனை? இதெல்லாம் வருடக்கணக்கில் எழுதி வைத்திருந்தால்தான் பிடித்தது தப்பா, கடல் மாறியதா, இரண்டும் சேர்ந்ததா என்று சொல்ல முடியும். இல்லாவிட்டால் மீனவர் ட்ராலரைக் குறை சொல்வார், ட்ராலர்காரர் பக்கத்து மாநிலத்தைக் குறை சொல்வார், சண்டைதான் மிஞ்சும்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. ஒரே ஒரு தடவை எடுத்த சாம்பிளால் பெரிய பயன் இல்லை.

நம் வீட்டில் அப்பாவுக்கு சுகர் டெஸ்ட் எடுக்கிறோம். ஒரு நாள் ரிப்போர்ட்டை மட்டும் நீட்டினால் டாக்டர் என்ன கேட்பார்? "பழைய ஃபைல் எங்கே?" ஐந்து வருட ரிப்போர்ட் வரிசையாக இருந்தால், புரட்டிப் பார்த்து எந்த மாதத்திலிருந்து ஏறியது என்று சொல்லிவிடுவார். கடலுக்கும் அந்த ஃபைல் வேண்டும். ஒரே இடம், ஒரே வகை வலை, ஒரே முறை, விட்டுப்போகாமல்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியாக்காரர்கள் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். 1930களில் அங்கே மத்தி இன மீன் கொட்டோ கொட்டென்று கொட்டியது. மான்டரே ஊரில் டப்பாவில் அடைக்கிற தொழிற்சாலைகள் வரிசை கட்டி நின்றன. 1940களின் பிற்பகுதியில் மீன் காணாமல் போனது, தொழிற்சாலைகள் மூடின. ஏன் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. அப்போது, 1949-ல், ஒரு திட்டம் தொடங்கினார்கள். கோடு போட்ட மாதிரி குறித்த இடங்களுக்குக் கப்பல் போகும், நிற்கும், வெப்பம் அளக்கும், வலை போடும், ஜாடியில் அடைக்கும், திரும்பும். கால்காஃபி என்று பெயர். 75 வருடம் தாண்டியும் நடக்கிறது.

அந்த ஜாடிகள் செய்த உபகாரத்தைக் கேளுங்கள். 1995-ல் இரண்டு விஞ்ஞானிகள் பழைய கணக்குகளை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்து, 1951-லிருந்து அந்தக் கடலில் விலங்கு மிதவை உயிர்களின் மொத்த அளவு 80 சதவீதம் குறைந்துவிட்டது, கடலின் மேல்பரப்பு சூடாகியிருக்கிறது என்று எழுதினார்கள். எல்லோரும் பதறிப்போனார்கள். மொத்த அளவு குறைந்தது சரி, அதில் யார் யார் குறைந்தார்கள்? வேறு ஆய்வாளர்கள் பழைய ஜாடிகளைத் திரும்பத் திறந்து, மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினார்கள். 2003-ல் பதில் வந்தது. பெரும்பாலும் குறைந்தது சால்ப் என்கிற, உடம்பு முழுக்கத் தண்ணீராக இருக்கும் உயிர்கள். மீன்களுக்கு முக்கிய உணவான கோபிபாட்கள் அந்த அளவு குறையவில்லை.

யோசித்துப் பாருங்கள். கணக்கை மட்டும் எழுதிவிட்டு ஜாடிகளைத் தூக்கிக் கொட்டியிருந்தால் இந்த உண்மை வெளியே வந்திருக்குமா? 1951-ல் பென்சிலால் சீட்டு எழுதிப் போட்டவருக்கு, இன்னும் அரை நூற்றாண்டு கழித்து ஒருவர் வந்து இதைக் கேட்பார் என்று தெரியாது. ஆனாலும் ஒழுங்காக எழுதினார்.

அதற்கு வடக்கே ஆரிகன் மாநிலத்தில் நியூபோர்ட் என்று ஒரு துறைமுகம். அங்கே பில் பீட்டர்சன் என்ற விஞ்ஞானி 1996-லிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சிறிய ஆய்வுக் கப்பலை அனுப்பி ஒரே கோட்டில் வலை போட்டுப் பார்த்தார். 2017-ல் அவர் காலமானார், வேலை நிற்கவில்லை. அந்தக் கடலுக்கு வடக்கிலிருந்து குளிர்ந்த தண்ணீர் வந்தால் அதோடு கொழுப்பு நிறைந்த கோபிபாட்கள் வரும், தெற்கிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் வந்தால் சத்தில்லாத மெலிந்த வகை வரும் என்று கண்டுகொண்டார்கள். கொழுத்த வகை வந்த வருடங்களில், அப்போதுதான் ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்கிய சால்மன் குஞ்சுகள் அதிகம் பிழைக்கின்றன. இப்படிப் பல அளவுகளைச் சேர்த்து பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அட்டவணை போட்டு, ஒன்றிரண்டு வருடம் கழித்து ஆறுகளுக்கு எவ்வளவு சால்மன் திரும்பும் என்று முன்கூட்டியே சொல்கிறார்கள். படகு வாங்கலாமா, கடனை அடைக்கலாமா என்று யோசிக்கிற குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய தகவல்!

நம்மிடம் இதெல்லாம் இல்லையோ என்று நினைக்க வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆர். கோபால ஐயரும் அவரோடு இருந்தவர்களும் 1929, 1930 ஆண்டுகளிலேயே சென்னைக் கடலின் மிதவை உயிர்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். 1960களில் பல நாடுகள் சேர்ந்து இந்தியப் பெருங்கடலை ஆராய்ந்தபோது, எல்லாக் கப்பல்களும் ஒரே மாதிரி வலையை, 200 மீட்டர் ஆழத்திலிருந்து மேல்மட்டம் வரை ஒரே மாதிரி இழுக்க வேண்டும் என்று முடிவானது. வந்த சாம்பிள்களைப் பிரித்து எண்ணுவதற்கான மையம் எங்கே அமைந்தது? நம் பக்கத்துக் கொச்சியில். அந்த வேலைகளை முன்னின்று நடத்தியவர் என்.கே. பணிக்கர். மண்டபம் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தை நடத்தியவர், பிறகு கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்துக்கு முதல் இயக்குநர் ஆனவர். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் வெள்ளாற்று முகத்துவாரத்து மிதவை உயிர்களைப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் எத்தனையோ பேர்.

1991-லிருந்து மத்திய அரசு நாடு முழுக்கக் கரையோரக் கடல்நீரின் தரத்தைக் கண்காணிக்கும் திட்டம் நடத்துகிறது. இப்போது சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் அதைப் பார்க்கிறது. தண்ணீரோடு சேர்த்து மிதவை உயிர்களையும் கணக்கெடுக்கிறார்கள்.

இந்தக் கணக்கு எங்கே உதவும்? 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் பக்கம் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கறுத்துப்போன பாறைகளை வாளியும் கையுமாக இளைஞர்கள் துடைத்தது மறக்கக்கூடியதா? 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடி எண்ணெய். இப்படி நடக்கும்போது மீனவர் நஷ்டஈடு கேட்டுப் போனால் முதல் கேள்வி, "முன்னால் எப்படி இருந்தது?" முன்னால் இருந்த நிலைக்கு எழுத்தில் ஆதாரம் இருந்தால் அவர் பேச்சுக்கு எடை கூடும். இல்லாவிட்டால் "இந்தத் தண்ணீர் எப்போதுமே இப்படித்தான்" என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகலாம்.

மீன்பிடித் தடைக்காலமும் அப்படியே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அந்த நாட்களில் எந்த மீனின் முட்டையும் குஞ்சும் நம் கடலில் எவ்வளவு இருக்கின்றன? மற்ற மாதங்களில் எவ்வளவு? இந்தக் கேள்விக்கு மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே இருக்கிற ஜாடிதான் பதில் சொல்லும். வருமானம் இல்லாமல் வீட்டில் இருக்கச் சொன்னால், காரணத்தைக் கணக்கோடு சொல்வதுதானே மரியாதை?

"மீனவருக்குத் தெரியாத கடலா?" என்று ஒரு பேச்சு உண்டு. அதில் உண்மையும் உண்டு. காற்று கச்சானா வாடையா, நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது, தண்ணீர் கலங்கலா தெளிவா என்பதைப் பார்த்தே எங்கே வலை விடலாம் என்று சொல்கிற பெரியவர்களுக்கு முன்னால் நாம் எம்மாத்திரம்? ஆனால் ஐம்பது மீட்டர் ஆழத்தில் ஆக்ஸிஜன் குறைந்திருப்பதை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. அதேபோல, கப்பல் வராத நாட்களில் கடல் எப்படி இருந்தது என்று கப்பலில் போகிறவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் லாபம்.

மீன் சாப்பிடாத வீட்டுக்கும் இது வேண்டியதுதான். வங்கக் கடலில் பெரிய ஆறுகளின் நன்னீர் மேலே பரவி மூடியிருப்பதால், அடியில் இருக்கும் குளிர்ந்த தண்ணீர் எளிதில் மேலே கலப்பதில்லை. புயலுக்குத் தீனி அந்த மேல்மட்டச் சூடுதான். உப்பும் வெப்பமும் ஆழத்துக்கு ஆழம் எப்படி மாறுகிறது என்ற கணக்கு, ஐப்பசி கார்த்திகையில் நம் ஊரைப் பார்த்து வருகிற புயல்களைப் புரிந்துகொள்ளவும் உதவுகிறது.

எனக்கு இருக்கிற கவலை ஒன்றுதான். இப்படித் தொடர்ந்து செய்கிற வேலைக்குக் கைத்தட்டல் கிடைப்பதில்லை. புதுக் கப்பல் வந்தால் ஃபோட்டோ வரும். அதே கப்பல் நூறாவது தடவை அதே இடத்தில் வலை போட்டால் யார் செய்தி போடுவார்கள்? நாங்களும் போட்டதில்லை. செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கண்ணில் படுவது இப்படிப்பட்ட வேலைதான். கப்பலில் போகும் இளைஞர்களில் பலர் திட்டம் முடிந்தால் வேலையும் முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள். ஒரு பூச்சியைப் பார்த்ததும் பெயர் சொல்லக் கற்க வருடங்கள் ஆகும். கற்றவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், அந்த ஜாடிகளை எண்ண யார் இருப்பார்கள்?

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். மகளோ மகனோ கடல் உயிரியல் படிக்கிறேன் என்றால், "அதற்கு வேலை எங்கே கிடைக்கும்?" என்று முதல் வாக்கியத்திலேயே மூடிவிடாதீர்கள். பரங்கிப்பேட்டைக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். உங்கள் தொகுதியில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ரோடு, தண்ணீர் கேட்கிற மூச்சிலேயே, நம் கடலின் கணக்கைத் தமிழில், மீன் இறங்கு தளத்துப் பலகையில் எழுதிப் போடச் சொல்லிக் கேளுங்கள். வானிலை அறிவிப்பு தமிழில் வருகிறதே, இது ஏன் வரக்கூடாது? மக்கள் வரிப் பணத்தில் எடுத்த கணக்கு மக்கள் படிக்கிற மொழியில் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நம் பங்குக்கும் ஒன்று செய்யப் போகிறோம். அடுத்த இதழிலிருந்து ஒரு பக்கம் கடலுக்கு. வெளியாகும் ஆய்வு அறிக்கைகளில் நம் வீடுகளுக்குத் தேவையானதை எளிய தமிழில் அதில் எழுதுவோம். அதற்கு உங்கள் உதவியும் வேண்டும். மீன் ஏலக் கணக்கு, ஐஸ் கணக்கு, படகுக்கு டீசல் போட்ட கணக்கு என்று பழைய நோட்டுகள் எத்தனையோ கடற்கரை வீடுகளில் பரணில் கிடக்கும். தாத்தா எழுதியதாக இருக்கலாம், ஏலம் எடுத்த பாட்டி யாரையாவது எழுதச் சொன்னதாக இருக்கலாம். பழைய பேப்பர் கடைக்குப் போடுவதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். நோட்டை அனுப்ப வேண்டாம்; பக்கங்களை ஃபோனில் படம் பிடித்து அனுப்பினால் போதும். எந்த ஊர், எந்த வருடம், எந்த மீன் என்பது தெரிகிற மாதிரி இருக்கட்டும். பெயர் போடுவதா வேண்டாமா என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்